அம்மாவோடு உட்கார்ந்த விடியல்கள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டால் அன்று சாயங்காலமே அதில் குதித்துவிடுவேன். கொரியன் மொழி படிக்கக் கிளம்பியபோது சமையல் மேடை வரைக்கும் அந்த எழுத்துகளை ஒட்டிவைத்தேன். எறும்புக்குப் போட்ட மருந்துக் கோடு என்று அம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஓடப் போகிறேன் என்று ஷூ வாங்கி, எக்ஸ்பிரஸ் ரோட்டின் அலைத்தடுப்புக் கற்கள் ஓரமாக ஓடி, நாய் துரத்தி, அந்த ஷூவை மாமா மகளுக்குக் கொடுத்தேன். கிட்டார் இப்போதும் பீரோவின் மேல் உறை போட்டுப் படுத்திருக்கிறது. அதனால், டாக்டர் என்னைத் தியானம் செய்யச் சொல்லியிருக்கிறார் என்று வீட்டுக்கு வந்து அறிவித்தபோது, அம்மா நகத்திலிருந்த மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "இத்து எத்தினி நாளிக்கி?" என்று மட்டும்தான் கேட்டாள்.

இந்த முறை விளையாட்டில்லை. பாரிமுனையில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்தக் கன்டெய்னரில் என்ன இருக்கிறது, எங்கே போகிறது என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அதே கன்டெய்னர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நின்று என் பஸ்ஸை மறிக்கும். அப்படி நின்றுபோன பஸ்ஸில்தான் ஒரு நாள் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கை ஜில்லிட்டது. இறங்கி ஓட வேண்டும் போல் இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அப்புறம் அது நினைத்தபோதெல்லாம் வந்தது. அலுவலகத்தில், குளிக்கும்போது, வாயில் சோற்றை வைக்கும்போது. ஹார்ட்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, போனில் அறிகுறிகளையெல்லாம் தேடிப் படித்து, மனசுக்குள் எனக்கு நானே காரியம்கூடச் செய்து முடித்துவிட்டேன்.

ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஹார்ட் அருமையாக இருக்கிறது, தூக்கமும் நிதானமும்தான் இல்லை என்றார். காலையில் எழுந்ததும் போனைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சைக் கவனி, தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அதைப் பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கமாக்கு என்றார். போனைத் தொடாதே என்று அவர் சொன்னதற்கு நான் செய்த முதல் காரியம், வழியிலேயே போனில் தியான ஆப் மூன்றை இறக்கியது.

எங்களுடையது திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் லைன் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். குழாயும் கக்கூஸும் எல்லா வீட்டுக்கும் பொது. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். இந்த மாதிரி இடத்தில் சும்மா உட்கார ஒரு நேரம் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. விடிந்தால் குடம், டிவி, குழந்தைகள், தண்ணீருக்குச் சண்டை. ஆகவே விடிவதற்கு முன்னால் என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் விழித்திருப்பது நான் ஒருத்திதான் என்று சொல்ல முடியாது. அம்மா எனக்கு முன்பே எழுந்து ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அது அவளுடைய காவல் நேரம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் பத்தாவது படித்த வருஷம், ஒரு விடிகாலையில் எங்கள் தெருவுக்குள் கேஸ் வந்தது. எந்த ஆலை, எந்தக் குழாய் என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் பக்கம் வாடை புதிதில்லை. காற்றைப் பொறுத்து ஒரு நாள் அழுகின முட்டை, ஒரு நாள் கருகின ரப்பர், ஒரு நாள் பெயர் வைக்க முடியாத இனிப்பு. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவோம். ஆனால் அன்றைக்கு வந்தது கண்ணைக் குத்துகிற வாடை. முதலில் அம்மாவுக்குத்தான் தெரிந்தது. துண்டை நனைத்து என் மூக்கில் கட்டி, மீன் விற்கக் கொண்டுபோகும் அலுமினிய அன்னக்கூடையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே தெருவில் நடந்தாள். ஜனம் முழுக்க மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எதிர்வீட்டு அண்ணன் ஒருவர்தான் வரவில்லை. நள்ளிரவில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவருக்கு, அம்மா கதவைத் தட்டியது கேட்கவில்லை. அப்புறம் கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார், ஆனால் வீட்டு வாசல் படி ஏறவே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு மனைவியின் ஊருக்குப் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் தட்டியிருக்கலாம் என்று அம்மா அதற்குப் பிறகு சொல்லாத மாதமில்லை.

அன்றிலிருந்து அவள் அந்த நேரத்துக்கு எழுந்துகொள்வாள். ஜன்னலின் மேல் கதவைத் திறந்து, முகத்தை நீட்டி, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்துவிடுவாள். தெருவுக்கே அது பழகிவிட்டது. எப்போது வாடை வந்தாலும் முதலில் எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் குரல் வரும்: யக்கா, இன்னாக்கா, கெளம்பலாமா, வேணாமா? முட்டை வாடையா, ஜன்னலைச் சாத்து. கண் எரிகிற வாடையா, துண்டை நனை, குழந்தையைத் தூக்கு. அம்மா சொன்னால் அவ்வளவுதான், மறுபேச்சில்லை. தெருவில் இருந்த எல்லோரும் அவளுடைய மூக்கை நம்பித்தான் தூங்கினார்கள்.

கொரோனா வந்து, எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்து போன பிறகு அம்மாவிடம் சில மாற்றங்கள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்பதை நிறுத்திவிட்டாள். கழுத்து வலி, கூடை தூக்க முடியவில்லை என்றாள். மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். காவல் நேரமும் நீண்டுபோனது. முன்பெல்லாம் எழுந்து, இழுத்துப் பார்த்து, படுத்துவிடுகிறவள் இப்போது எழுந்தால் எழுந்ததுதான். வெளுக்கும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள். வயசாகிறது, அப்பா ஞாபகம், ஏதோ ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டேன். தூக்கமில்லாமல் போய் உட்கார்ந்து, அரிவாள்மனையில் இடது கட்டைவிரலை வெட்டிக்கொண்டு வந்தாள். ஆறுவதற்குள் அதே விரலில் இன்னொரு வெட்டு. அந்தக் கட்டை நான்தான் அவிழ்த்து மாற்றிக் கட்டுவேன். மீன் ஈரமும் அரிவாள்மனையும் தூக்கம் கெட்ட கண்ணும். ஒரு நாள் விரலே போய்விடும்.

ஆகவே என் தியானத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு காரணங்கள். ஒன்று என் நெஞ்சு. இன்னொன்று அம்மாவின் தூக்கம். எனக்கு நிம்மதி வந்தால் அவளுக்கும் கொஞ்சம் ஊட்டிவிடலாம் என்று கணக்கு.

முதல் சில நாட்கள் எனக்கு எதுவுமே வரவில்லை. பாயை விரித்து, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடினால், கால் மரத்துப்போகும், மூக்கு அரிக்கும், அலுவலகத்தில் தப்பாக அடித்த ஒரு கன்டெய்னர் எண் ஞாபகம் வரும். ஆப்பில் பேசுகிற பெண், "உங்கள் மூச்சை மாற்ற முயலாதீர்கள், அதை வெறுமனே கவனியுங்கள்" என்பாள். அம்மா ஜன்னலோரத்திலிருந்து, "இவ யாரு, ரயில் வண்டி லேட்டுன்னு சொல்றவ மாறியே பேசுறா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து, மூச்சு கலைந்து, மறுபடி முதலிலிருந்து. சும்மா குந்துவதற்கும் ஒருத்தி கத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் விடவில்லை. கொரியனையும் கிட்டாரையும் விட்டவள் இதை விடவில்லை. பஸ்ஸில் படபடப்பு வந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணிப் பார்த்தேன். அது போய்விடவில்லை; ஆனால் என்னைத் தூக்கிச் சாப்பிடவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் தியானத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினேன்.

அப்புறம் ஒரு விடிகாலை, நான் கண்ணை மூடப் போகிற நேரத்தில், அம்மா ஜன்னலை விட்டு எழுந்து வந்து பாயில் என் எதிரே உட்கார்ந்தாள். நான் கேட்கவேயில்லை, கெஞ்சவேயில்லை, தானாக வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலைப் பார்த்து என் பக்கத்தில் உட்காரும்மா, காற்று வரும் என்றேன். பீரோவில் சாய்ந்துகொண்டு, "நான் இப்டியே குந்துறேன். நீ உன் வேலய பாரு" என்றாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். தோளைத் தளர்த்து, வயிறு உப்பட்டும், எண்ணம் வந்தால் திட்டாதே, போகட்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சரி சரி என்று தலையாட்டினாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். என்னைவிட ஒழுங்காக வந்தாள் என்றே சொல்ல வேண்டும். நான் அலாரத்தை அமுக்கிவிட்டுப் புரண்டு படுத்தால், "ம்மே, தியானத்துக்கு நேரமாச்சு, எயுந்துரு" என்று காலைச் சுரண்டுவாள். ஞாயிற்றுக்கிழமை லீவு விடலாமே என்றால் முகம் மாறிவிடும். உட்கார்ந்து முடித்ததும் நான் குளிக்கப் போவேன், அவள் அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிப்போவாள். வெயில் ஜன்னலுக்குள் வரும்வரை தூங்குவாள். அப்படி அவள் தூங்கி நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது. கட்டைவிரல் ஆறியது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புகூட வெளுத்த மாதிரி எனக்குத் தோன்றியது.

ஜன்னலுக்கு அவள் போகவே இல்லை. அதுதான் எனக்குப் பெருமை. இத்தனை வருஷப் பயத்தை ஒரு பாயும் கொஞ்சம் மூச்சும் துடைத்துவிட்டன என்று அலுவலகத்தில் சொன்னேன், போனில் ஸ்டேட்டஸ் போட்டேன், பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொன்னேன். அவரும் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடியதும் குறட்டை விட்டார். எழுப்பினபோது, "மெய்யாலுமே சோக்கா கீதும்மே, நாளிக்கும் வரேன்" என்றார், வரவில்லை. அவர் குறட்டை விட்டபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

மழைக்கு முந்தின நாட்கள். காற்று நின்று போய், புழுக்கம் கழுத்தில் ஒட்டிக்கொள்கிற காலம். அன்றைக்கு எனக்குத் தியானம் நன்றாகக் கூடி வந்தது. மூச்சு போவதும் வருவதும் தனியாகத் தெரிந்தது. அந்த மூச்சின் நடுவில் மெல்ல அது வந்தது. முதலில் தொண்டையில் ஒரு கசப்பு. அப்புறம் மூக்கில். சாக்கடையைக் கிளறிய மாதிரி, பிறகு இன்னும் அடர்த்தியாக. இழுக்க முடியவில்லை. எண்ணம் வந்தால் போகட்டும் என்று பழகியவள், வாடையையும் போகட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் அசைவில்லை. அவளே அமைதியாக இருக்கிறாளே, எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்று அந்த நேரத்திலும் வியந்தேன். தாங்க முடியாமல்தான் கண்ணைத் திறந்தேன்.

அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. என் முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில், என் மூக்கைப் பார்த்தபடி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா வருது?" என்றாள், ரகசியம் மாதிரி.

"வாடைம்மா. உனக்குத் தெரியலயா?"

வெளியே பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. யாரோ இருமினார்கள். அக்காவின் குரல் ஜன்னலுக்கு வந்தது: "யக்கா, இன்னாக்கா இது? கெளம்பலாமா?"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சொல்லும்மே. முட்ட வாடையா, கண்ணு எரியிற வாடையா?"

"முட்டை."

"நல்லா மோந்து பாரு."

இழுத்துப் பார்த்தேன். குமட்டியது. கண்ணில் எரிச்சல் இல்லை. "முட்டைதாம்மா."

அம்மா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "ஒன்னும் இல்லடி. முட்ட வாடதான். ஜன்னல சாத்திகினு படு," என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னாள். பல வருஷங்களாக நான் கேட்ட அதே குரல். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் வந்தது. அம்மாவும் ஜன்னலைச் சாத்திவிட்டு, திரும்பி வந்து, பாயில் உட்காராமல் வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

எப்போதிலிருந்து வாசனை தெரியவில்லை என்று கேட்டேன். அந்தக் கொரோனாக் காய்ச்சலிலிருந்து என்றாள். எனக்கும் அப்போது மூக்கு போயிருந்தது. ஒரு நாள் மதியம் ரசம் கொதிக்கிற வாசனை எனக்குத் திரும்பி வந்ததும், கரண்டியோடு வீட்டைச் சுற்றி ஆடினேன். உனக்கு வந்துவிட்டதா என்று அவளைக் கேட்டேன். வந்துடுச்சு என்று அவளும் சிரித்தாள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நீ அம்மாம் குஷியா ஆடிகினு இருந்த. அப்ப போயி எனுக்கு வர்லன்னு சொல்லவா?" என்றாள்.

இன்று வரும், நாளை வரும் என்று இருந்திருக்கிறாள். மீன் வியாபாரத்துக்குத் திரும்பிப் போனாள். செவுளைத் தூக்கி மோந்து பார்த்துத்தான் ஏலத்தில் எடுப்பாள். மூக்கில்லாமல் கண்ணை மட்டும் நம்பி எடுத்த மீனை, வழக்கமாக வாங்குகிற அம்மாள் ஒருவர் சமைத்துவிட்டு, சட்டியோடு திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதோடு கூடையைக் கவிழ்த்துவிட்டாள். கழுத்தில் வலியே கிடையாது. தெருவில் வாடை வந்த நாட்களில் என்ன செய்தாள் என்று கேட்டேன். கூப்பிடுகிறவளிடமே உனக்கு என்ன மாதிரி தோணுது என்று வாயைக் கிளறி, அவள் சொல்வதை வைத்துத் தீர்ப்பு சொன்னாளாம். ஆனால் எல்லோரும் தூங்குகிற நேரத்தில் வந்தால்? அதற்காகத்தான் விடியவிடிய உட்கார்ந்திருந்தாள்.

"மின்ன எல்லாம் மோந்து பாத்துட்டு படுத்துடுவேன். இப்ப இன்னாத்த பாத்து படுக்கிறது?"

நாய் குரைக்கிறதா, யாராவது இருமுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் தியானம் எதற்கு என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நீ அந்நேரம் முயிச்சிகினு கீற இல்ல," என்றாள். "மூக்கு கீற ஆளு ஒருத்தி முயிச்சிகினு இருந்தா போதும்னு வந்து குந்தினேன். நீ கண்ண மூடிக்குவ. நான் உன் மூஞ்சிய பாத்துகினு இருப்பேன். மூக்க சுளிச்சின்னா எயுந்துக்கலாம்னு."

அத்தனை விடியல்களிலும் அவள் ஒரு முறைகூடக் கண்ணை மூடவில்லை.

தெருவில் சொல்லிவிடலாம் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். சொன்னால் இங்கே யார் தூங்குவார்கள், கைக்குழந்தைக்காரி எதிரே இருக்கிறாள், அவள் கண் மூடுவாளா என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமல், "நீ கீற இல்ல" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் நெஞ்சு மறுபடி அடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். எண்ணும்போதே, இந்த மூச்சில் என்ன வாடை, டீசலா, தாரா, வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை வெறுமனே கவனிக்கச் சொன்ன பெண்ணின் குரலை அன்றிரவே போனிலிருந்து அழித்துவிட்டேன்.

காது மூக்கு டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போனேன். அரை நாள் கூலி போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். உடனே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இப்போது வருமா என்று சொல்ல முடியாது, முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மாத்திரையைவிட ஒரு பழக்கத்தைத்தான் அதிகம் வற்புறுத்தினார். தினமும் காலையும் சாயங்காலமும் சில வாசனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மோந்து பார்க்க வேண்டும், அது முன்பு எப்படி இருந்தது என்று மனசுக்குள் தேட வேண்டும், வரவில்லை என்றாலும் விடக் கூடாது. வெளியே வந்ததும் அம்மா, "மோந்து பாக்கிறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா?" என்றாள். எனக்கோ மறுபடி பழைய வியாதி. அன்று சாயங்காலமே ஊறுகாய் பாட்டில் மூடிகளைக் கழுவிக் காயவைத்து, கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம் நனைத்த பஞ்சு என்று வரிசையாக வைத்தேன். கருவாடும் வேண்டும் என்று அம்மா கேட்டாள். அது ஒன்றுதான் அவளாகக் கேட்டது.

அப்படியாக அம்மா நிஜமாகவே கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தாள். விடிவதற்கு முன், அதே பாய், அதே இடம். நான் ஒவ்வொரு மூடியாக அவள் மூக்கருகே பிடிப்பேன். அவள் புருவத்தைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, இழுப்பாள். பிறகு தலையை ஆட்டுவாள். கருவாட்டு மூடியை மட்டும் என் கையிலிருந்து வாங்கி, தானே பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த வாசனைக்குள்தான் வளர்ந்தவள். காய்கிற மணலில் தன் அம்மா அதைப் புரட்டிப் போடுவது தெரிகிறது, ஆனால் வாசனை மட்டும் இல்லை, டிவியில் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு முறை சொன்னாள். அவளுடைய பயிற்சி முடிந்ததும் அவள் படுத்துக்கொள்வாள், நான் வெளுக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். பகலில் எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. அலுவலகத்தில் ஒரு கன்டெய்னரை வேறு ஒரு துறைமுகத்துக்கு அடித்து அனுப்பித் திட்டு வாங்கினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டின் மேல் நான் தூங்கி விழுந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

போன வாரம் ஒரு காலை. வழக்கம் போல அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கிராம்பு மூடியை எடுத்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் கவனித்தேன், மூடியில் கிராம்பு இல்லை. முந்தின நாள் குஸ்கா செய்தபோது நானே எடுத்துப் போட்டிருக்கிறேன். கையை இழுத்துக்கொள்வதற்குள் அம்மா இழுக்க ஆரம்பித்துவிட்டாள். நெஞ்சு விரிய, ஆழமாக. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துவைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"வருதும்மே," என்றாள். "கொஞ்சூண்டுதான். ஆனா வருது. கிராம்பு."

நான் வெறும் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நாளிக்கிலேர்ந்து நீ தூங்கு," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "வேலைக்கு போற புள்ள. நான் பாத்துக்கிறேன்."

"சரிம்மா," என்றேன். மூடிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே நின்று, சத்தம் வராமல் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினேன்.

மறுநாள் அலாரம் வைக்கவில்லை. ஆனால் உடம்பு அந்த நேரத்துக்கு விழித்துக்கொண்டது. நான் எழவில்லை. அம்மா எழுந்து, பாயை மிதிக்காமல் என்னைச் சுற்றிக்கொண்டு போய், ஜன்னலின் மேல் கதவைத் திறப்பது கேட்டது. அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். "ஒன்னும் இல்ல" என்று மெல்லச் சொன்னாள், எனக்குக் கேட்கிற அளவுக்கு. நானும் போர்வைக்குள் படுத்தபடி ஒரு மூச்சை நிதானமாக இழுத்துப் பார்த்தேன். சாம்பல், உப்புக் காற்று, பக்கத்து வீட்டில் யாரோ பற்றவைத்த கொசுவர்த்தி. ஒன்றும் இல்லைதான். தூங்குகிறவள் மாதிரி மூச்சை விட்டு, அடுத்த மூச்சை இழுத்தேன். ஜன்னலோரத்திலிருந்து அம்மா திரும்பி வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.